தீர்ப்பில் வந்த புடவை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் குமரகுரு வீட்டுத் தறிக்குழியில் நீர் ஊறத் தொடங்கியது. கால் வைக்கும் பள்ளத்தில் கணுக்கால் அளவு நிற்கும். அவர் தகர டப்பாவால் மொண்டு வாளியில் ஊற்றுவார். கலாவதி அம்மா வாளியைத் தெருவில் கொட்டிவிட்டு வருவார். அதற்குள் மறுபடி ஊறியிருக்கும். பட்டு ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடாமல் இருக்கத் தறியில் நீட்டிக் கட்டிய பாவின் அடியில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருந்தார்கள். பகலிலும் அது எரிந்தது.

நான் அந்த வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் அந்த அளவு இடத்துக்குக் கேட்கும் வாடகையில் பாதிதான் கேட்டார்கள். ஏன் பாதி என்பது வந்த பிறகு தெரிந்தது. "சுவரா கொலை செஞ்சது, இருப்போம்" என்றாள் என் மனைவி. சென்ற ஆண்டு காய்ச்சலில் அவள் இறந்தாள். நான் காலி செய்யவில்லை. காலையில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ். மாலையில் அதே பஸ்.

கொலை நடந்தது நாங்கள் வருவதற்கு முன்பு. குமரகுருவின் மகன் திருஞானசம்பந்தம். தெருவுக்குச் சம்பந்தம். அவன் ஒரு காலையில் பக்கத்து வீட்டுக்குள் போய் மாணிக்கவேலின் மனைவி அம்சவேணியையும் அவர்களுடைய மகளையும் கத்தியால் குத்திக் கொன்றான். குழந்தைக்கு ஆறு வயது. அப்போது மாணிக்கவேல் எங்கே இருந்தார் என்பதைத் தெருவில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. அவர் குமரகுருவின் தறியில் இருந்தார். கரையைத் தனி இழையில் ஓட்டி உடலோடு கோக்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் உட்காருபவர் உடலையும் ஒரு கரையையும் நெய்வார். பக்கத்தில் உட்காருபவர் மற்றக் கரைக்கு ஊடு நூல் ஓட்டும் நாடாவைப் போடுவார். பல வருடமாக மாணிக்கவேல்தான் அந்தப் பக்கத்து ஆள். தறி அடிக்கிற சத்தத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது கேட்கவில்லை.

இந்தச் சித்திரையில் சம்பந்தத்துக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. தூக்கு என்றால் மேல்கோர்ட்டு உறுதி செய்ய வேண்டும். அதற்கு முன் அவன் எப்படி வளர்ந்தான், அவனுக்கு என்ன நடந்தது என்று விசாரித்து எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தது கோர்ட்டு. சென்னையிலிருந்து இலவச வக்கீல்கள் சார்பில் ஒரு பெண் வரப்போவதாகச் சேதி வந்தது. தெருவுக்கும் தெரிந்துவிட்டது.

அங்கம்மாள் டீக்கடையில் பேச்சு வேறு எதற்கும் போகவில்லை.

"இன்னா விசாரிக்கப்போறாளாம்? ரெண்டு பேரக் குத்துனது பத்தலியாமா?" என்றார் குப்புசாமி. பட்டுக்குச் சாயம் போடுகிறவர். கை முழங்கை வரை பச்சை.

"ஏன் குத்துனான்னு கேக்க வர்றா" என்றார் யேசுதாஸ். ஆட்டோ ஓட்டுகிறவர். மழைக்குச் சவாரி இல்லை.

"ஏன்னா? ஆறு வயசுக் கொழந்த அவன இன்னா பண்ணிச்சி? அதுக்கு ஒரு ஏன் வேற இருக்குதா? தூக்குல போடணும். போட்டாத்தான் அடுத்தவனுக்குக் கை நடுங்கும்."

"நைனா, தூக்குன்னு ஒண்ணு இருக்குதுன்னு சம்பந்தத்துக்குத் தெரியாதா? அவனுக்கு ஏன் கை நடுங்கல?"

"மாதாகோயில்ல கத்துக்கினு வந்தத இங்க பேசாத."

"மாதாகோயில வுடு. உங்க முருகனையே எடுத்துக்கோ. சூரன கொன்னாரா? மயிலாவும் சேவலாவும் ஆக்கிப் பக்கத்துலயே வெச்சிக்கினாரு. வருசா வருசம் குமரக்கோட்டத்துல நின்னு நீதானே பாத்துக்கினு வர்ற?"

"அது சாமிப்பா. கோர்ட்டுல எவன மயிலாக்குவாங்க? உள்ள வெச்சி நம்ம வரிப்பணத்துல சோறு போடுவாங்க. அப்பறம் நன்னடத்தைன்னு வெளிய வுடுவாங்க. வந்து இதே தெருவுல நிப்பான். மாணிக்கம் இன்னா பண்ணுவான், வணக்கம் வெப்பானா?"

"நீ கட்ற வரி அந்த பீடிக்குக் கட்றது ஒண்ணுதான்" என்றாள் அங்கம்மாள். "அதுல எவனுக்குச் சோறு போடறாங்களாம்?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. யேசுதாஸ் சிரிக்கவில்லை.

"பணக்காரன் எவனாச்சும் தூக்குல தொங்கி நீ பாத்துக்கிறியா? நல்ல வக்கீல் வெக்க முடியாதவன்தான் தொங்கறான். நாளைக்கி தப்பா போட்டுட்டோம்னு தெரிஞ்சா, அவுத்து எறக்கிட்டா எழுந்து நடப்பானா?"

"இதுல இன்னா தப்பு வரும்? ரத்தத்தோட வாசப்படில நின்னுக்கினு இருந்தான். தெருவே பாத்துச்சி. நானும் பாத்தேன். நான் பாத்தத நீ பாத்திருந்தா மயிலு சேவலுன்னு பேசமாட்ட."

அப்போது மாணிக்கவேல் குடையை மடக்கிக்கொண்டு பால் வாங்க வந்தார். நாற்பது வயது இருக்கும். பேச்சு நின்றது. அவர் பாக்கெட்டை வாங்கிப் பையில் போட்டார்.

"பேசுங்க. எனக்கோசரம் நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யேசுதாஸ் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிரியதர்ஷினி என்பது அந்தப் பெண்ணின் பெயர். என் வயதுதான் இருக்கும். மழைக்கோட்டோடு வந்தாள். கோர்ட்டு வார்த்தைகள் புரியாவிட்டால் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று குமரகுரு என்னைக் கீழே உட்காரச் சொல்லியிருந்தார்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதுபோல் செய்திருந்தார்கள். கூடம் கழுவியிருந்தது. குமரகுரு விபூதி பூசி வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். மகள் புவனேஸ்வரி பட்டுக் கட்டிக்கொண்டு காபி கொண்டுவந்தாள். கலாவதி அம்மா முருங்கைக்கீரை அடை சுட்டுத் தட்டில் வைத்தார். நல்ல குடும்பம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தார்கள்.

"அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கெடயாதும்மா" என்றார் குமரகுரு. "பாக்கு கூடப் போட மாட்டான். பெரியவங்கள எதுத்து ஒரு வார்த்த பேசினதில்ல."

"தறில எழ அறுந்தா அத முடிஞ்சிட்டுத்தான் சாப்புட வருவான்" என்றார் கலாவதி அம்மா. "சோறு ஆறிப்போவும். கூப்புட்டா கேக்க மாட்டான்."

பிரியதர்ஷினி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். பிறகு பேனாவை வைத்தாள்.

"அம்மா, அவர் நல்லவர்னு சொல்றதுக்கு நான் வரல. நல்லவர்னுதான் கீழ்க்கோர்ட்லயும் சொன்னீங்க. ஒரு புடவையைக் கொண்டுபோய்க் காட்டினீங்க இல்ல?"

"ஆமா. மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை" என்றார் குமரகுரு. "அது நடக்கறதுக்கு முன்னாடி மாசம் அவன் நெய்ஞ்சது. ஒரு குத்தம் கண்டுபுடிக்க முடியாது. இப்டி நெய்யறவன் மனசுல வெறி இருக்குமான்னு ஜட்ஜய்யாவ கேட்டேன்."

"அதைப் பத்தி அவர் தீர்ப்புல எழுதியிருக்கார். உங்களுக்கு யாரும் படிச்சுக் காட்டலையா?"

யாரும் படித்துக் காட்டவில்லை. தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தது. அவள் பக்கத்தைத் திருப்பித் தமிழில் சொன்னாள். "குற்றம் சாட்டப்பட்டவர் நெய்ததாக அவருடைய தந்தையே காட்டிய புடவையை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு நுட்பமான வேலையை நாள்கணக்கில் பொறுமையாகச் செய்யக்கூடியவர் அந்தக் காலத்தில் முழுத் தெளிவோடு இருந்தார் என்பதில் ஐயமில்லை."

குமரகுருவின் முகம் மலர்ந்தது. "அவ்ளோ நல்லா நெய்ஞ்சிக்கிறான்னு ஜட்ஜே எழுதியிருக்காரே."

"ஆமாங்க" என்றாள் அவள். "தெளிவா இருந்தவர், யோசிச்சுத்தான் செஞ்சிருக்கார். அதனால தூக்குன்னு அடுத்த வரியில எழுதியிருக்கார்."

அடை தட்டில் ஆறியது.

"அவருக்கு எப்பவாவது உடம்பு சரியில்லாம இருந்ததா? மனசு சரியில்லாம? டாக்டர்கிட்ட போனீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அவர் உயிர் அதுலதான் இருக்கு."

கலாவதி அம்மா கணவரைப் பார்த்தார். புவனேஸ்வரி அம்மாவைப் பார்த்தாள்.

"ஒரு வாட்டி காமால வந்துது" என்றார் குமரகுரு. "கீழாநெல்லி குடுத்தோம். போயிடுச்சி."

அன்று மாலை அவர்கள் போட்ட சண்டை மாடிவரை கேட்டது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"காமாலயா? காமாலயாப்பா அது?" புவனேஸ்வரியின் குரல். "வேலூருக்கு யாருக்கும் தெரியாம கூட்டிக்கினு போனது காமாலைக்கா? அந்த சீட்டெல்லாம் எங்க?"

"அடுப்புல போட்டாச்சி."

"அப்போ வாயால சொல்லுங்க. அந்த ஆஸ்பத்திரில போயி கேட்டா அவங்க சொல்லுவாங்க."

"சொன்னா? ஆரணிக்காரங்க தையில வந்து தாலி கட்டுவாங்களா?"

"கொலகாரன் தங்கச்சின்னு தெரிஞ்சிதானே ஒத்துக்கினாங்க!"

"கொல கோவத்துல பண்றது. அவனோட போச்சி, குடும்பத்துல ஒட்டாது. பைத்தியம் ஒட்டும். உன் வயித்துல பொறக்கறது வரைக்கும் ஒட்டும்னு பேசுவாங்க. ஒருத்தன் போயிட்டான். உன்னையும் வுட்டுட்டு நான் இன்னா பண்ணுவேன்?"

"அவன் இன்னும் போவலப்பா. என்ன வெச்சி அவன சாவடிக்காதீங்க."

கலாவதி அம்மாவின் குரல் கேட்கவேயில்லை.

மறுநாள் பிரியதர்ஷினி தெருவில் விசாரித்தாள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். அமைதியான பையன், கைச்சுத்தம், ஏன் செய்தான் என்று தெரியவில்லை. உட்கார்ந்து எழுத இடமில்லை. மழை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். என் அறையில் உட்காரச் சொன்னேன். சிறிது நேரத்தில் படியில் காலடி கேட்டது. மாணிக்கவேல் வந்து வாசலில் நின்றார். நான் குடிவந்த பிறகு அவர் இந்த வீட்டுக்குள் கால் வைத்து அன்றுதான் பார்த்தேன்.

"தெருவுல எல்லார்கிட்டயும் கேக்கறீங்க. என்கிட்ட ஏன் கேக்கல?" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். "உங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு எங்களுக்கு ஒரு விதி இருக்குங்க."

"தொந்தரவு" என்று அவர் திருப்பிச் சொன்னார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார். "நான் சொல்றதையும் எழுதுங்க. அவன் செத்தா எனக்கு ஒண்ணியும் திரும்பி வராது. அது எனக்குத் தெரியும். அத யாரும் எனக்குச் சொல்லித் தர வேணாம். ஆனா அவன் காலைல எழுந்து பல்லு தொலக்குவான். வரிசைல நின்னு சோறு வாங்கித் துன்னுவான். மழ பெய்யுதான்னு ஜன்னல்ல எட்டிப் பாப்பான். எம் பொண்ணு பாக்க மாட்டா. இதுக்கு நீங்க ஒரு பதில் சொல்லுங்க."

"என்கிட்ட பதில் இல்லீங்க."

"அப்பறம் ஏன் அவனக் காப்பாத்த வந்தீங்க?"

"கொல்றது தப்புன்னு சொல்றதுக்காக அரசாங்கமே உக்காந்து யோசிச்சு, தேதி குறிச்சு, ஒருத்தரைக் கொல்லக்கூடாதுன்னு நினைக்கறேன். அவர் செஞ்சது சின்னதுன்னு நினைக்கல."

"நீங்க நெனைக்கலாம். ரெண்டு பேரத் தூக்கிக்கினு போயி பாலாத்தங்கரைல வெச்சவன் நான்." அவர் குரல் உயரவில்லை. "சரி. ஜட்ஜு இன்னா எழுதினாரு? எல்லாரும் தூக்கு தூக்குன்னாங்க. ஏன் தூக்குன்னு எழுதினத எனக்கு ஒருத்தரும் சொல்லல. படிங்க."

அவள் தயங்கினாள். பிறகு படித்தாள். குழந்தையைப் பற்றிய இடம் வந்தபோது அவர் சுவரில் பதித்திருந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புடவையைப் பற்றிய இடம் வந்தது.

"எந்தப் பொடவ?"

"மஞ்சள் உடல், அரக்குக் கரை. சம்பந்தத்தோட அப்பா கோர்ட்ல காட்டினது."

"அத வெச்சா தூக்கு எழுதினாரு?"

"அது ஒரு முக்கியமான காரணம்."

"அது அவன் நெய்யலியேம்மா."

மழை வலுத்தது. அவள் பேனாவைத் திறந்தாள்.

"நான்தானே பக்கத்துல உக்காந்து கரை போட்டேன். குமரகுரு அண்ணன் நெய்ஞ்சது அது, முந்தானைலேர்ந்து கடசி வரைக்கும். கோர்ட்டுல எம் பையன் நெய்ஞ்சதுன்னு அவரு சொன்னப்போ நானும் பின்னாடி பெஞ்சுலதான் இருந்தேன். பெத்தவன், பொய் சொல்றான், சொல்லிட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன். யாரும் என்ன கேக்கவுமில்ல."

"அப்போ சம்பந்தம் என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?"

"உள்ள ரூம்புல படுத்துக்கினு இருந்தான். காமால, ஒட்டிக்கும், கிட்ட போவாதன்னாங்க. ரெண்டு மூணு மாசம் தறிப்பக்கமே வரல. அப்பறம் ரவ ரவ எழுந்து நடமாடினான்…"

அவர் நிறுத்தினார். அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். முந்தின மாலை கேட்டது என் முகத்தில் இருந்திருக்க வேண்டும்.

அவர் படியிறங்கினார். நாங்கள் பின்னால் போனோம். குமரகுரு குழிக்குள் கால்விட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கலாவதி அம்மா கரை நாடாவைக் கையில் வைத்திருந்தார். மாணிக்கவேலைப் பார்த்ததும் தறி நின்றது. அவர் நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

"காமாலயாண்ணா?"

குமரகுரு நாடாவைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணு மட்டும் கேக்கறேன். நான் உங்க தறில உக்காந்துக்கினு இருந்தேன். எம் பொண்டாட்டியும் கொழந்தையும் பக்கத்து வூட்டுல தனியா இருந்தாங்க. உள்ள ரூம்புல இருந்தவனுக்கு வந்தது காமாலயா?"

புவனேஸ்வரி சமையலறை வாசலில் வந்து நின்றாள். குமரகுரு இழையை அடித்து நெருக்கும் அச்சுப் பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை மகனின் கழுத்திலிருந்து கயிற்றை எடுக்கக்கூடும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது இந்த மனிதனின் முகத்தைப் பார்த்து.

"காமாலதான்" என்றார் குமரகுரு.

மாணிக்கவேல் நனைந்துகொண்டே போய்விட்டார். அவருடைய குடை எங்கள் வாசலிலேயே இருந்தது.

"அவர் சொல்றதை வெச்சு மட்டும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றாள் பிரியதர்ஷினி. "என்ன நோய்னு நீங்க சொல்லணும். இல்லன்னா புடவையும் போச்சு, நோயும் இல்ல. மகனுக்காகப் பொய் சொன்ன அப்பான்னு மட்டும்தான் எழுதுவாங்க." சாயங்காலம் பஸ் ஏற வேண்டும் என்றும், அதுவரை அங்கம்மாள் கடையில் இருப்பதாகவும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

குமரகுரு டப்பாவை எடுத்துக் குழித் தண்ணீரை மொள்ளத் தொடங்கினார். வாளி நிரம்பியது. கலாவதி அம்மா அதைத் தூக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தார். மாணிக்கவேலின் குடையை எடுத்துக்கொண்டார்.

"எங்க போற?" என்றார் குமரகுரு.

"கொடையக் குடுத்துட்டு வர்றேன்."

வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "நீ வாப்பா. ஒத்தையா போவ முடியல. நீயும் ஒருத்தியக் கொண்டுபோயி எரிச்சவன்."

நான் போனேன்.

மாணிக்கவேல் வீட்டில் தறி இல்லை. கழற்றி விற்றுவிட்டார். இப்போது வேறு தெருவில் கூலிக்கு நெய்கிறார். கேஸ் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்தும் அரிசியைக் களைந்து போட்டார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"காமால இல்ல" என்றார் கலாவதி அம்மா.

அவர் கரண்டியால் உலையைக் கிளறினார்.

"செவுத்துக்கு அந்தாண்ட பேசறாங்கன்னு சொல்லுவான். என்னப் பத்தியே பேசறாங்கம்மா, ராத்திரி பூரா பேசறாங்கன்னுவான். பட்டுக் கழிவ உருட்டிக் காதுல அடச்சிக்குவான். வேலூருக்குக் கூட்டிக்கினு போனோம். ஊசி போட்டாங்க, மாத்திர குடுத்தாங்க. சாப்புட்டான். கேக்கலன்னான். நல்லாத்தான் இருந்தான்."

"அப்பறம்?"

"மாத்திர போட்டா எச்சி வடியும். உக்காந்த எடத்துல தூங்கி வுழுவான். புவனாவப் பாக்க ஒரு எடத்துலேர்ந்து வர்றோம்னாங்க. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் வேணாம்னு நிறுத்தினோம். அவங்க நாள் தள்ளிக்கினே போனாங்க."

"யாரு நிறுத்தினது?"

"அவரு சொன்னாரு. நான் நிறுத்தினேன்."

"மறுபடியும் பேசறாங்கன்னு சொன்னானா?"

கலாவதி அம்மா கொதிக்கிற உலையைப் பார்த்தார்.

"சொன்னானா அண்ணி?"

"சொன்னான். அது நடக்கறதுக்கு ரெண்டு நாள் முன்ன."

"எந்தச் செவுத்துக்கு அந்தாண்ட?"

கலாவதி அம்மா கையை நீட்டிக் காட்டினார். அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரை. அதன் மறுபக்கம்தான் சம்பந்தம் படுத்திருந்த அறை.

மாணிக்கவேல் அந்தச் சுவரைப் பார்த்தார். கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. தீ மஞ்சளாக எழுந்து அணைந்தது. கேஸ் நாற்றம் வந்தது. நான் போய்க் குமிழைத் திருகினேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா" என்றார் அவர், "வேணிய எங்கம்மா வூட்டுக்கு அனுப்பி வெச்சிருப்பேன். தோ இருக்கிற செவிலிமேடுதான். ஆட்டோல போயிருப்பாங்க. நீங்க திரும்ப மாத்திர குடுக்கற வரைக்கும் இருந்துட்டு வந்திருப்பாங்க. அவளுக்கும் சந்தோசமா இருந்திருக்கும். வெளிய சொல்லாதன்னா சொல்லியிருக்க மாட்டேன் அண்ணி. நான் யாருகிட்ட சொல்லப்போறேன்?"

கலாவதி அம்மா தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. மாணிக்கவேலும் எழுந்திருங்கள் என்று சொல்லவில்லை.

"அந்த மேடத்துகிட்ட சொல்றேன்" என்றார் கடைசியில். "பொடவ அவன் நெய்யலன்னு எழுதிக் கையெழுத்து போடறேன். எங்க வரணுமோ வர்றேன். பொய்யில தொங்க வேணாம் அவன். ஆனா அவன் தொங்கக்கூடாதுன்னு என் வாயால சொல்லச் சொல்லாதீங்க. அது வராது."

"நான் ஆஸ்பத்திரி பேர எழுதிக் குடுக்கறேன்" என்றார் கலாவதி அம்மா. "நான்தான் நிறுத்தினேன்னும் எழுதிக் குடுக்கறேன்."

"குடுங்க. குடுத்துட்டு வூட்டக் காலி பண்ணிடுங்க."

கலாவதி அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எங்கியும் போவ மாட்டேன். அவங்க ரெண்டு பேரும் இருந்த வூடு இது. நீங்க போயிடுங்க."

"தையில புவனாவுக்கு…"

"தைக்கெல்லாம் வேணாம். சீக்கிரம் போயிடுங்க." அவர் கரண்டியை மெதுவாக மேடையில் வைத்தார். "உங்க தறி அடிக்கறது இந்தச் செவுத்துல கேட்டுக்கினேதான் இருக்குது. இன்னி வரைக்கும் எனக்கு அது வெறும் தறிச் சத்தம். நாளைலேர்ந்து எனக்கு இன்னா கேக்கும்னு தெரியல அண்ணி."

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை.

குடையை மூலையில் சாத்திவிட்டு நாங்கள் டீக்கடைக்குப் போனோம். பிரியதர்ஷினி எழுத எழுதக் கலாவதி அம்மா சொன்னார். ஆஸ்பத்திரியின் பெயர், மாத்திரையின் நிறம், நிறுத்திய வாரம். அங்கம்மாள் காதில் விழாததுபோல் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். குப்புசாமி எழுந்து மழையிலேயே போய்விட்டார். கலாவதி அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார். இதனால் தூக்கு நீங்கிவிடுமா என்று கேட்டார்.

"தெரியலம்மா. வாய்ப்பு இருக்கு" என்றாள் அவள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் புவனேஸ்வரி ஓடிவந்தாள்.

"இன்னாம்மா சொன்னாரு?"

"கையெழுத்து போடறேன்னாரு. நானும் போட்டுட்டு வந்துட்டேன்."

அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆரணியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. குமரகுரு தறியை விட்டு எழவில்லை. மொண்ட தண்ணீர் வாளியில் அப்படியே இருந்தது.

"வேற இன்னா சொன்னான்?" என்றார்.

கலாவதி அம்மா மகளின் கையை விலக்கினார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, பரண்ல இருக்கிற அண்டா குண்டானெல்லாம் ரவ எறக்கிக் குடுப்பா" என்றார் என்னிடம்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். புழுதி கண்ணில் விழுந்தது. பெரிய அண்டா கைக்கு எட்டியது.

குமரகுரு என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு நெய்த துணியைச் சுற்றும் படமரத்தில் இருந்த பட்டைத் தடவினார். ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் தடவினார்.

"இந்தப் பாவுல இன்னும் ரெண்டு பொடவ நெய்ய இருக்குது" என்றார்.

"அறுத்துடுங்க" என்றார் கலாவதி அம்மா.

குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் எதையோ தேய்க்கிற சத்தம் கேட்டது. மூவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நான் அண்டாவைப் பிடித்தபடி நாற்காலிமேல் நின்றேன். கீழே யாரும் வாங்க வரவில்லை.